டிவிடெண்ட் பங்குகளில் இருந்து நிலையான வருமானம்: எங்கே தொடங்குவது, எதைப் பார்ப்பது

தனியார் வேலையில் முப்பது வருடம் உழைத்தவருக்கு ஓய்வு பெறும்போது பி.எஃப். பணம் மொத்தமாக வரும். இபிஎஸ் பென்ஷன் மாதம் சில ஆயிரம் வரும், அதற்கு 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். மீதி வாழ்க்கைக்கான வருமானத்தை நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அதற்கு பெரும்பாலான வீடுகளில் தெரிந்த ஒரே வழி எஃப்.டி. நிறுவனம் தன் லாபத்தில் இருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணம்தான் டிவிடெண்ட். நல்ல டிவிடெண்ட் பங்குகளை நாற்பது வயதிலோ அதற்கு முன்னாலோ சேர்க்கத் தொடங்கினால் அறுபதில் இன்னொரு சம்பளம் போல ஒரு தொகை வரும் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். ஆனால் வாங்கும் முறை தெரியாமல் இறங்கினால் நஷ்டம்தான் வரும், அதனால் இந்திய பங்குச்சந்தையில் இதை எப்படிச் செய்வது என்று எழுதுகிறேன். கீழே வரும் நிறுவனப் பெயர்கள் எல்லாம் உதாரணங்கள், வாங்கச் சொல்லும் சிபாரிசு இல்லை.

முதலில் கணக்கு

மாதம் 20,000 ரூபாய் டிவிடெண்டாக வர வேண்டும் என்றால் வருடத்துக்கு 2,40,000. நீங்கள் வாங்கும் பங்குகள் சராசரியாக 3 சதவீதம் யீல்டு (அதாவது பங்கின் விலையில் 3 சதவீதம் டிவிடெண்டாக) தந்தால் 80 லட்சம் முதலீடு வேண்டும், 4 சதவீதம் என்றால் 60 லட்சம். இந்த எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம், இது இன்றைக்கே மொத்தமாகப் போட வேண்டிய தொகை இல்லை. ஆனாலும் ஐந்து லட்சம் போட்டு மாதச் செலவை ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரிடம் இருந்து விலகி இருங்கள்.

யீல்டு என்பது ஒரு வருட டிவிடெண்டை பங்கின் விலையால் வகுத்து வரும் சதவீதம். 2024-25 நிதியாண்டுக்கு ஐடிசி ஒரு பங்குக்கு மொத்தம் 14.35 ரூபாய் கொடுத்தது, அந்தப் பங்கை 420 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் யீல்டு சுமார் 3.4 சதவீதம். ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகள் அடங்கிய நிஃப்டி 50 குறியீட்டின் மொத்த யீல்டு சில வருடங்களாக 1 முதல் 1.5 சதவீதத்தைச் சுற்றியே இருப்பதால், 3 சதவீதம் என்பதே இங்கே நல்ல எண்தான்.

எஃப்.டி. 7 சதவீதம் தருகிறதே, பின்னே எதற்கு இது? பத்து லட்சத்தை 7 சதவீத எஃப்.டி.யில் போட்டால் வருடம் 70,000 வரும், இருபது வருடம் கழித்தும் அதே 70,000தான் வரும். அதே பத்து லட்சத்துக்கு 3 சதவீத யீல்டில் பங்கு வாங்கினால் முதல் வருடம் 30,000தான். அந்த டிவிடெண்ட் வருடத்துக்கு 8 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால் பத்து வருடம் கழித்து சுமார் 65,000, பதினைந்தில் 95,000, இருபதில் 1,40,000. வரும் டிவிடெண்டை நடுவில் திரும்ப முதலீடு செய்யாமலே இவ்வளவு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் எஃப்.டி.யின் அந்த 70,000-க்கு இருபது வருடம் கழித்து இன்றைய 22,000 ரூபாய்க்கான பொருள்தான் கிடைக்கும். அந்த 8 சதவீத வளர்ச்சிக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை, அதனால்தான் பங்கைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. பத்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள். ஏற்கனவே 60 தாண்டியவர் என்றால் தபால் அலுவலக மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை (30 லட்சம் வரை போடலாம்) முதலில் பாருங்கள், அதற்கு மேல் இருக்கும் பணத்துக்குத்தான் பங்கு.

சதவீதத்தைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

முதல் ஏமாற்றம் முகமதிப்பு, அதாவது பங்குக்கு நிறுவனம் நிர்ணயித்த அடிப்படை மதிப்பு, சந்தை விலை இல்லை. செய்தியில் "2,000 சதவீத டிவிடெண்ட்" என்று வரும், அது முகமதிப்பின் மேல் கணக்கிட்டது. சென்னையின் எம்ஆர்எஃப் 2023-24-க்கு ஒரு பங்குக்கு 200 ரூபாய் கொடுத்தது, முகமதிப்பு 10 ரூபாய் என்பதால் அது 2,000 சதவீதம். ஆனால் பங்கின் விலை ஒரு லட்சத்துக்கு மேல், ஆகவே யீல்டு 0.2 சதவீதம் கூட இல்லை. எம்ஆர்எஃப் மோசமான நிறுவனம் என்று சொல்லவில்லை, வருமானத்துக்காக வாங்கும் பங்கு அது இல்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, சிறப்பு டிவிடெண்ட், அதாவது வழக்கமானதுக்கு மேல் ஒரு முறை மட்டும் தருவது. டிசிஎஸ் 2024-25-ல் ஒரு பங்குக்கு மொத்தம் 126 ரூபாய் கொடுத்தது, அதில் 66 ரூபாய் சிறப்பு டிவிடெண்ட், அது அடுத்த வருடம் வரும் என்று எந்த உறுதியும் கிடையாது. அதை எடுத்துவிட்டு வழக்கமான டிவிடெண்டை மட்டும் பாருங்கள்: 2022-23-ல் 48, அடுத்த வருடம் 55, அதற்கடுத்து 60. நாம் தேடுவது இந்த வரிசையைத்தான். இணையதளங்களில் காட்டும் யீல்டில் சிறப்பு டிவிடெண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால், கடந்த பத்து வருட அறிவிப்புகளை என்எஸ்இ, பிஎஸ்இ பங்குச்சந்தைகளின் தளங்களில் பார்த்து சிறப்பு என்று குறிப்பிட்டதைக் கழித்துவிட்டு நீங்களே ஒரு தாளில் எழுதுங்கள், ஒரு நிறுவனத்துக்கு அரை மணி நேரம் ஆகும், அதற்கு மேல் ஆகாது.

மூன்றாவதுதான் நிறைய பேரைச் சுட்டது: சுழற்சித் தொழில்கள். எண்ணெய் சுத்திகரிப்பு, உலோகம், கப்பல், சர்க்கரை இதெல்லாம் ஒரு வருடம் கொட்டும், இன்னொரு வருடம் காயும். மணலியில் இருக்கும் சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் டிவிடெண்டைப் பாருங்கள். 2021-22-க்கு 2 ரூபாய், 2022-23-க்கு 27, 2023-24-க்கு 55, 2024-25-க்கு 5. 2024-ல் ஆயிரம் ரூபாயை ஒட்டிய விலைக்கு "ஐந்தரை சதவீதம் யீல்டு" என்று வாங்கியவருக்கு அடுத்த வருடம் கிடைத்தது அரை சதவீதம். நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை, கச்சா எண்ணெய்க்கும் பெட்ரோல் டீசல் விலைக்கும் நடுவில் கிடைக்கும் லாபம் சுருங்கினால் எந்தச் சுத்திகரிப்பு ஆலைக்கும் இதுதான் நடக்கும். இப்படிப்பட்ட பங்கு எப்போதுமே யீல்டு உச்சத்தில் இருக்கும்போதுதான் எல்லா பட்டியலிலும் முதலிடத்தில் வரும்.

இன்னொரு வகை, கொடுக்க முடியாத அளவு கொடுப்பது. வேதாந்தா 2022-23-ல் ஒரு பங்குக்கு 101.50 ரூபாய் டிவிடெண்ட் அறிவித்தது, அந்த நிதியாண்டு முடிவில் பங்கே 300 ரூபாய்க்குக் கீழேதான் இருந்தது. முப்பது சதவீதத்துக்கு மேல் யீல்டு! லண்டனில் இருக்கும் தாய் நிறுவனத்துக்கு பெரிய கடன் இருந்தது, டிவிடெண்டில் பெரும்பங்கு அங்கேதான் போகும் என்பது சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அடுத்த வருடம் டிவிடெண்ட் 29.50-க்கு வந்துவிட்டது, 2023 செப்டம்பரில் விலையும் 210-220 அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு விலை ஏறியது வேறு கதை. மாதச் செலவுக்கு நம்பி இருப்பவரால் இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க முடியாது.

அப்போது எதைப் பார்த்து வாங்குவது

பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். லாபம் என்பது கணக்குப் புத்தகத்தில் இருப்பது, டிவிடெண்ட் கையில் இருக்கும் ரொக்கத்தில் இருந்து போவது. ஆண்டறிக்கையில் பணப்புழக்க அறிக்கை என்று ஒரு பக்கம் இருக்கும். அதில் தொழில் நடத்தியதால் வந்த ரொக்கத்தில் இருந்து இயந்திரம், கட்டிடம், ஆலை விரிவாக்கம் ஆகியவற்றுக்குச் செலவானதைக் கழித்தால் மீதி எவ்வளவோ, டிவிடெண்ட் அதற்குள் அடங்க வேண்டும். ஐந்து வருடக் கூட்டுத்தொகையில் அடங்கவில்லை என்றால், நிறுவனம் கடன் வாங்கியோ பழைய சேமிப்பைக் கரைத்தோ கொடுக்கிறது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பட்டியல் காலியாகிவிடும்.

பே-அவுட் விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதாவது லாபத்தில் எத்தனை சதவீதத்தை டிவிடெண்டாகத் தருகிறார்கள் என்பது. இதற்கு எல்லாத் துறைக்கும் பொருந்தும் ஒரே அளவு கிடையாது. சோப்பு, பிஸ்கட், சிகரெட், மென்பொருள் விற்கும் நிறுவனங்களுக்குப் புதிதாக ஆலை கட்ட அதிகப் பணம் தேவையில்லை, அதனால் லாபத்தில் 70, 80 சதவீதம் கொடுத்தாலும் தொழில் வளரும். மின் உற்பத்தி, சிமெண்ட், வாகன உதிரிபாகம் போன்றவை அந்த அளவு கொடுத்தால் அடுத்த விரிவாக்கத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும், அங்கே 30 முதல் 50 சதவீதம் போதும். எந்தத் துறையானாலும் தொடர்ந்து இரண்டு வருடம் 100 சதவீதத்தைத் தாண்டினால் ஏன் என்று கேளுங்கள்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடத்தில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் டிவிடெண்ட் கொள்கையை எழுதி இணையதளத்தில் போட வேண்டும் என்பது பங்குச்சந்தையை மேற்பார்வையிடும் செபியின் விதி. இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும், வாங்கும் முன் கட்டாயம் படியுங்கள். சிலர் லாபத்தில் இத்தனை சதவீதம் என்று தெளிவாக எழுதியிருப்பார்கள், சிலர் "சூழலைப் பொறுத்து இயக்குநர் குழு முடிவெடுக்கும்" என்று எழுதி முடித்திருப்பார்கள். முதல் வகையை நான் விரும்புகிறேன்.

அரசு நிறுவனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிவிடெண்ட் என்றாலே நம் ஊரில் முதலில் சொல்வது கோல் இந்தியா, பவர் கிரிட், ஓஎன்ஜிசி. மத்திய அரசு தன் நிறுவனங்கள் நிகர லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் (சொத்தில் கடனைக் கழித்தது) 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைக் குறைந்தபட்ச டிவிடெண்டாகத் தர வேண்டும் என்று 2024 நவம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அரசுக்கே அந்தப் பணம் தேவை என்பதால் டிவிடெண்ட் ஒழுங்காக வரும், அது உண்மை. ஆனால் கோல் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள்: 2010-ல் 245 ரூபாய்க்கு பங்கு வெளியிட்டார்கள், பத்து வருடம் கழித்து 2020 அக்டோபரில் விலை 120-க்குக் கீழே. டிவிடெண்ட் 2015-16-ல் 27.40 ரூபாய், 2019-20-ல் 12, அப்புறம் மெல்ல ஏறி 2024-25-ல் 26.50. ஒன்பது வருடத்தில் விலைவாசி எங்கேயோ போய்விட்டது, டிவிடெண்ட் பழைய இடத்தைக் கூடத் தொடவில்லை. ஆகவே அரசு நிறுவனங்கள் உங்கள் தொகுப்பில் ஒரு பகுதியாக இருக்கட்டும், முழுவதும் அதுவாக இருக்க வேண்டாம்.

2020-ல் என்ன நடந்தது என்று கட்டாயம் பாருங்கள். கொரோனா வந்ததும் ஏப்ரல் மாதம் ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் டிவிடெண்ட் தரக்கூடாது என்று நிறுத்தியது. நல்ல வங்கி, கெட்ட வங்கி என்ற பேதமே இல்லை. வங்கிப் பங்குகளை மட்டுமே நம்பியிருந்தவருக்கு அந்த வருடம் பூஜ்ஜியம். துறை துறையாகப் பிரித்து வாங்கச் சொல்வது இதனால்தான். பன்னிரண்டு முதல் பதினைந்து நிறுவனங்கள், குறைந்தது ஐந்து துறைகள், உங்கள் மொத்த டிவிடெண்டில் எந்த ஒரு நிறுவனமும் பத்து சதவீதத்தைத் தாண்டக்கூடாது. பதினைந்துக்கு மேல் போனால் ஆண்டறிக்கை படிக்க நேரம் இருக்காது, படிக்காத பங்கை வைத்திருக்க வேண்டாம்.

வாங்குவது, தேதிகள், பணம் வரும் வழி

டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு), அதனுடன் இணைந்த வங்கிக் கணக்கு, பான், நாமினி. இது நான்கும் சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிவிடெண்ட் நேராக அந்த வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். முடிந்தால் டிவிடெண்டுக்கு என்றே தனி சேமிப்புக் கணக்கு வைத்து அதை டீமேட்டில் இணையுங்கள், சம்பளக் கணக்கில் வந்தால் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் கரைந்துவிடும், எவ்வளவு வந்தது என்றே தெரியாது.

பங்குச் சந்தையில் எக்ஸ்-டேட், ரெக்கார்டு டேட் என்று இரண்டு தேதி சொல்வார்கள். ரெக்கார்டு டேட் அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கு டிவிடெண்ட், எக்ஸ்-டேட் அன்றோ அதற்குப் பிறகோ வாங்கினால் கிடையாது. 2023 ஜனவரியில் இருந்து எல்லா பங்குகளும் வாங்கிய மறு வேலைநாளே கணக்கில் சேர்ந்துவிடுவதால், இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே நாள். வெள்ளிக்கிழமை ரெக்கார்டு டேட் என்றால் வியாழக்கிழமைக்குள் வாங்கியிருக்க வேண்டும், வெள்ளி வாங்கினால் அந்த டிவிடெண்ட் உங்களுக்கு இல்லை. இடைக்கால டிவிடெண்டை இயக்குநர் குழுவே அறிவித்துவிடும், இறுதி டிவிடெண்டுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புதல் வேண்டும், அறிவித்த 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும் என்பது சட்டம்.

டிவிடெண்டுக்கு முந்தைய நாள் வாங்கி மறுநாள் விற்றுவிடலாமே என்று ஒரு யோசனை எல்லோருக்கும் வரும். 10 ரூபாய் டிவிடெண்ட் என்றால் எக்ஸ்-டேட் அன்று விலை ஏறக்குறைய அந்த 10 ரூபாய் குறைந்துதான் தொடங்கும். டிவிடெண்டுக்கு வரி, விற்றதில் நஷ்டம், தரகு வேறு. இது வேண்டாம்.

இங்கே பெரும்பாலான நிறுவனங்கள் இறுதி டிவிடெண்டை ஜூன் முதல் செப்டம்பருக்குள் தருகின்றன, அதனால் உங்கள் வருமானம் அந்த மாதங்களில் குவியும். அரசு நிறுவனங்கள் பல நவம்பரிலும் பிப்ரவரியிலும் இடைக்கால டிவிடெண்ட் தருகின்றன, டிசிஎஸ், எச்சிஎல் டெக் போன்றவை காலாண்டுக்கு ஒரு முறை. மாதா மாதம் ஒரே தொகை வராது. செலவுக்கு எடுக்கும் காலம் வந்ததும் மொத்தத்தையும் அந்தத் தனிக் கணக்கில் வைத்து மாதம் பன்னிரண்டில் ஒரு பாகத்தை எடுப்பதுதான் சுலபம்.

சம்பளம் வந்துகொண்டிருக்கும் வரை ஒரு ரூபாய் டிவிடெண்டைக் கூடச் செலவு செய்யாதீர்கள். டிவிடெண்ட் தானாகவே அதே பங்காக மாறும் வசதி இங்கே வழக்கத்தில் இல்லை, நாமே வாங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, கணக்கில் சேர்ந்ததோடு மாதச் சேமிப்பையும் சேர்த்து, பட்டியலில் அப்போது விலை நியாயமாக இருக்கும் ஒன்றிரண்டு பங்குகளை வாங்குங்கள். விலை நியாயமா என்று எப்படித் தெரியும்? அந்தப் பங்கின் கடந்த ஐந்து, பத்து வருட யீல்டைப் பாருங்கள், இப்போதைய யீல்டு அந்தச் சராசரிக்கு மேலே இருந்து தொழிலிலும் கோளாறு இல்லை என்றால் வாங்கலாம். சந்தை விழும் மாதங்களில் டிவிடெண்ட் முதலீட்டாளருக்கு வேலை அதிகம், அதே பணத்துக்கு அதிகப் பங்கு, அதிக டிவிடெண்ட்.

மியூச்சுவல் ஃபண்டில் "டிவிடெண்ட் ஆப்ஷன்" எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது இந்த வருமானம் இல்லை. அங்கே தருவது உங்கள் யூனிட்டின் மதிப்பில் இருந்தே எடுத்துத் தருவது, கொடுத்த அளவுக்கு அந்த மதிப்பு (என்ஏவி) குறையும். 2021 ஏப்ரலில் செபி அந்தப் பெயரையே ஐடிசிடபிள்யூ (வருமானப் பகிர்வும் முதலைத் திரும்ப எடுப்பதும் சேர்ந்தது என்று பொருள்) என்று மாற்றச் சொன்னதும் இதற்காகத்தான். ரீட் (கட்டிடங்களில் முதலீடு செய்யும் அறக்கட்டளை), இன்விட் (சாலை, மின்பாதை போன்றவற்றில் முதலீடு செய்வது) இரண்டும் வேறு, கட்டிட வாடகையிலும் மின்கம்பி, சாலை கட்டணத்திலும் வரும் ரொக்கத்தில் 90 சதவீதத்தைப் பங்கிட வேண்டும் என்பது விதி. யீல்டு அதிகம், ஆனால் வருவதில் ஒரு பகுதி உங்கள் முதலே திரும்பி வருவதாக இருக்கலாம், வளர்ச்சியும் மெதுவு. பத்து, பதினைந்து சதவீதம் வைத்துக்கொள்ளலாம்.

வரி

2020 ஏப்ரலில் இருந்து டிவிடெண்ட் முழுவதும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி அடுக்குப்படி வரி. 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து 31.2 சதவீதம் போய்விடும், 4 சதவீத யீல்டு கைக்கு வரும்போது 2.75தான். அதனால் சம்பளம் அதிகம் இருக்கும் வயதில் அதிக யீல்டைத் துரத்துவதில் அர்த்தம் இல்லை, குறைவாகக் கொடுத்து வேகமாக வளரும் பங்குகளை அப்போது வாங்குங்கள். ஓய்வுக்குப் பிறகு நிலைமை மாறும். 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ள, இந்தியாவில் வசிப்பவருக்கு வரி இல்லை, டிவிடெண்டும் அந்தக் கணக்குக்குள் வரும்.

ஒரு நிறுவனம் ஒரு வருடத்தில் உங்களுக்குத் தரும் டிவிடெண்ட் 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது தரும்போதே வரி, பிடிப்பார்கள் (2025 ஏப்ரலுக்கு முன்னால் இந்த வரம்பு 5,000). பான் சரியில்லை என்றால் 20 சதவீதம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு முதல் ரூபாயில் இருந்தே 20 சதவீதமும் அதற்கு மேல் செஸ்ஸும், அந்த நாட்டோடு இந்தியாவுக்கு இரட்டை வரி ஒப்பந்தம் இருந்தால் ஆவணம் கொடுத்துக் குறைக்கலாம். வரியே கட்ட வேண்டாத அளவு வருமானம் உள்ள பெற்றோர் பெயரில் பங்கு இருந்தால், வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு வருடமும் நிறுவனத்தின் ரெஜிஸ்ட்ரார் (பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிப்பவர்) தளத்தில் பதிவேற்றுங்கள். தவறிப்போனாலும் ரிட்டர்ன் போட்டு திரும்ப வாங்கலாம்.

எப்போது விற்பது, எதை எழுதி வைப்பது

விலை இறங்கியதற்காக விற்காதீர்கள். காரணம் சொல்லாமல் டிவிடெண்டைக் குறைத்தால், கடன் வருடா வருடம் ஏறினால், நிறுவனம் தனக்குத் தெரியாத தொழிலில் பெரிய பணத்தைக் கொட்டினால், அப்போது விற்றுவிட்டு வேறு வாங்குங்கள். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்குகளில் வருடம் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

வருடத்துக்கு ஒரு முறை ஏப்ரலில் உட்கார்ந்து எந்த நிறுவனம் எவ்வளவு தந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள், பக்கத்தில் போன வருட எண். வராத டிவிடெண்ட் ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், ரெஜிஸ்ட்ராருக்கு எழுதினால் தந்துவிடுவார்கள். ஏழு வருடம் கேட்காமல் விட்டால் அந்தப் பணம் ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விடும், தொடர்ந்து ஏழு வருடமும் கேட்காமல் இருந்தால் பங்குகளே அங்கே போய்விடும். வீட்டில் தாத்தா காலத்துக் காகிதப் பங்குச் சான்றிதழ் கிடந்தால் இப்போதே எடுத்துப் பாருங்கள், 2024 ஏப்ரலில் இருந்து பான், கேஒய்சி கொடுக்காத காகிதப் பங்குகளுக்கு டிவிடெண்டே வராது. நிதிக்குப் போய்விட்டாலும் ஐஇபிஎஃப்-5 படிவம் போட்டு திரும்பப் பெறலாம், வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், நிறுவனத்தின் சரிபார்ப்பு என்று பல மாதம் இழுக்கும். டீமேட்டில் நாமினி போட்டு, எந்தத் தரகரிடம் கணக்கு, எந்த வங்கிக்கு டிவிடெண்ட் வருகிறது என்பதை மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைக்கோ எழுதிக் கொடுத்துவிட்டால் அவர்களுக்கு இந்த அலைச்சல் இருக்காது.